கிளியர் பண்ணட்டுமா?

போன் அப்டேட் கேட்டால் இடது பக்கம் இருப்பதை அமுக்க வேண்டும். பாஸ்கல் தன் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அவ்வளவுதான். "இது அப்பப்ப என்னத்தையாவது கேட்டுக்கிட்டேதாம்மா கெடக்கும். எடது கைப் பக்கம் 'லேட்டர்'னு இருக்கும், அத அமுக்கிட்டு நீ ஒம்பாட்டுக்கு இரு. வலது பக்கம் கைய வச்ச, அப்பறம் நாந்தான் ரிப்பேருக்கு வண்டிப்பெரியாருக்குத் தூக்கிட்டு அலையணும்" என்று, போன் வாங்கிக் கொடுத்த அன்றைக்கே கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

செபமாலையம்மாளும் மறுபேச்சுப் பேசாமல் இடது பக்கத்தையே அமுக்கி வந்தாள். பாஸ்கல் செத்துப் பதினோரு மாதம் கடந்த பிறகும் அதையேதான் அமுக்கினாள். மகன் சொன்னதில் இன்னும் கேட்டு நடக்க மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

இருபத்தொன்பது வயசு அவனுக்கு. டூரிஸ்ட்டுகளை மலையுச்சிக்கு ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டினான். போன ஐப்பசியில், ஆட்களை இறக்கிவிட்டு ஒற்றையாளாக வீட்டுக்குத் திரும்பும்போது ஈர ரோட்டில் ஜீப் சறுக்கிப் பள்ளத்தில் போய்விட்டது. அவனை எடுத்தார்கள். ஜீப்பையும் எடுத்தார்கள். அவன் போனை மட்டும் எடுக்க முடியவில்லை. அது இன்னும் அந்தப் பள்ளத்துப் புதரில் எங்கேயோதான் கிடக்கிறது.

ஆனால் அம்மாவின் போனில் அவன் குரல் இருந்தது. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் அவள் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுகூட எட்டிப் பார்க்காது. மேலே தண்ணீர்த் தொட்டியடிக்கு ஏறினால்தான் உண்டு. அதனால் பாஸ்கல் கூப்பிட மாட்டான், வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிடுவான். சாயங்காலம் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து இவள் தொட்டியடியில் நின்றால், பகல் முழுக்க அவன் பேசியது டிங் டிங்கென்று வந்து விழும். "அம்மா, கட்டன் டீயில சீனி போடாத, ஒனக்குச் சுகரு." "அம்மா, இன்னைக்கு ஒரு ஹிந்திக்காரன் வண்டியிலயே வாந்தி எடுத்துட்டான், கழுவிக்கிட்டு இருக்கேன்." இப்படி இரண்டு வருஷத்துப் பேச்சு. அவள் ஒன்றைக்கூட அழித்ததில்லை, அழிக்கத் தெரியவும் தெரியாது.

கடைசியாக வந்தது பதினேழு செகண்டு.

"அம்மா, மழ விட்டுருச்சு. ஆளுகள எறக்கி விட்டுட்டேன், இந்தா கெளம்பிட்டேன். சோத்த வடிச்சு வச்சிரு. வர்றப்ப ஒனக்கு..." அந்த இடத்தில்தான் அந்தப் பாழாய்ப்போன காற்று. மலைமேட்டுக் காற்று போனுக்குள்ளேயே புகுந்து உர்ரென்று இரையும். கூடவே எவனோ ஒரு பாவி ஹாரனை அடித்துத் தொலைப்பான். காற்று அடங்கும்போது "...வாங்கிட்டு வாரேன். கேட்டியா?" என்று முடிந்துவிடும்.

கேட்கவில்லையே! எதை வாங்கிட்டு வாரேன் என்றான்? அன்றைக்குக் காலையில் அவள் செருப்பு வார் அறுந்திருந்தது, செருப்பாக இருக்கலாம். முந்தின நாள் குளிருது குளிருது என்று புலம்பியிருந்தாள், ஸ்வெட்டராக இருக்கலாம். அவளுக்குப் பிடிக்கும் என்று மிக்சர்கூட வாங்கி வருவான். 'ஸ்' என்று ஆரம்பிப்பதுபோல ஒரு சமயம் தோன்றும். காதை ஒட்டவைத்துக் கேட்டால் அது காற்றுதான். பதினோரு மாதமாக ஒரு நாளைக்கு ஐந்து தடவை, பத்து தடவை, அதே பதினேழு செகண்டைத்தான் கேட்டாள்.

வருகிற சனிக்கிழமையோடு வருஷம் நிறைகிறது, அன்றைக்குக் கோயிலில் அவனுக்கு வருஷப் பூசை. அதற்குள் அது இன்னதென்று தெரிந்துவிட்டால் போதும். தானே கடைக்குப் போய் அதை வாங்கி, பூசை முடிந்ததும் அவன் கல்லறைமேல் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். அவன் கிளம்பின காரியம் முடிந்துவிடும். பாதி வழியில் நிற்கிற பிள்ளை வீடு வந்து சேர்ந்துவிடுவான். அப்படித்தான் அவள் நினைத்தாள், பெற்றவள் அப்படித்தான் நினைப்பாள், இதில் யாரும் சிரிக்க ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டு டின்சி, குமுளியில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கிறவள், ஞாயிற்றுக்கிழமை வந்தபோது போனை வாங்கிப் பார்த்தாள். "ஆத்தாடி, எம்புட்டு நாளா அப்டேட் கேட்டுக்கிட்டுக் கெடக்கு பெரியம்மா! பண்ணுங்க, எல்லாம் கிளியரா ஆயிரும்" என்றாள். போன் திக்கித் திக்கி ஓடுவதைத்தான் அவள் சொன்னாள். செபமாலையம்மாளுக்கு அந்தக் கிளியர் என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. கிளியராக ஆகுமென்றால் காற்று போய்விடும். காற்று போனால் அந்தச் சொல் கேட்கும். வேறென்ன வேண்டும் அவளுக்கு? திங்கட்கிழமை சாயங்காலம் தொட்டியடியில் நின்று, "மன்னிச்சுக்கய்யா" என்று மகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வலது பக்கத்தை அமுக்கினாள்.

ஒரு மணி நேரம் என்னமோ இறங்கியது. போன் தானாக அணைந்து தானாக எழுந்தது. கம்பெனிப் பேரைக் காட்டியது, கீழே ஒரு வட்டம் சுற்றியது, பிறகு அணைந்தது. திரும்பவும் பேர், திரும்பவும் வட்டம். இருட்டும்வரை நின்று பார்த்தாள். பேரையும் வட்டத்தையும் தாண்டி அது வரவே இல்லை.

செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் வண்டிப்பெரியாருக்கு வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பேக்கரிக்கு மேலே, சிவசங்கரியின் போன் ரிப்பேர் கடை. முப்பது வயசுப் பெண், பக்கத்து எஸ்டேட் ஃபாக்டரியில் வேலை பார்க்கிறவர் மகள், கோட்டயத்தில் படித்துவிட்டு வந்து தனியாகக் கடை போட்டிருந்தாள். கைராசிக்காரி என்று பேர். தண்ணீரில் விழுந்த போனையெல்லாம் பிழைக்க வைத்திருக்கிறாள் என்று எஸ்டேட் முழுக்கச் சொல்வார்கள்.

"என்னம்மா பண்ணுச்சு?"

"அப்டேட்ட அமுக்குனேன் தாயி. அதுலருந்து பேரக் காட்டுது, சுத்துது, அணையுது. திரும்பவும் பேரக் காட்டுது."

"செக்குமாடு கணக்கா அங்கயே சுத்துதா? சரி, குடுங்க. புதுப் போன் மாதிரிதான இருக்கு, யாரு வாங்கிக் குடுத்தது?"

"எம் மகன்."

"என்ன பண்றாரு மகன்?"

இந்தக் கேள்விக்கு என்ன நடக்கும் என்று செபமாலையம்மாளுக்குத் தெரியும். சொன்னதும் எதிரில் இருப்பவர்கள் 'த்சோ' என்பார்கள். தலையைச் சாய்ப்பார்கள். எத்தனை வயசு என்பார்கள், கல்யாணம் ஆயிருச்சா என்பார்கள், எப்படி என்பார்கள். ரேஷன் கடையிலும் பஸ்ஸிலும் பதினோரு மாதமாக இதே கதைதான், சொல்லிச் சொல்லி வாய் புண்ணாகியிருந்தது. இந்தப் பெண்ணோ ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டே, ஏனோதானோ என்று கேட்டாள். ஊரில் எல்லாத் தாயிடமும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஜீப் ஓட்டுறான்" என்றாள் செபமாலையம்மாள்.

சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு. ஓட்டுறான். எவ்வளவு காலமாயிற்று இப்படிச் சொல்லி! திருத்திச் சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். "ஓகோ, டிரைவரா? இந்த மழையில பாத்து ஓட்டச் சொல்லுங்கம்மா" என்றாள் சிவசங்கரி. "சொல்லுறேன்" என்றாள் இவள்.

சிவசங்கரி பவர் பொத்தானையும் சத்தப் பொத்தானையும் சேர்த்துப் பிடித்து எதையோ எண்ணினாள். திரையில் ஒரு பச்சைப் பொம்மை மல்லாந்து கிடந்தது, வயிறு திறந்திருந்தது, அதன்மேல் சிவப்பாக ஓர் ஆபத்துக் குறி.

"ஏசுவே, செத்துப்போச்சா?"

"இல்லம்மா, மயக்கத்துலதான் கெடக்கு. எழுப்பிரலாம். மொதல்ல கேஷ மட்டும் கிளியர் பண்ணிப் பாப்போம்."

செபமாலையம்மாள் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை எடுத்தாள். "காச இப்பவே கட்டணுமா தாயி?"

சிவசங்கரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "காசு இல்லம்மா, கேஷ்! போனுக்குள்ள சேந்து கெடக்கிற குப்ப. அதக் கிளியர் பண்ணுனா சில சமயம் எந்திரிச்சிரும். உள்ள இருக்கிற சாமானுக்கு ஒண்ணும் ஆகாது."

கிளியர் என்றால் குப்பையை எடுப்பது. சாமானுக்கு ஒன்றும் ஆகாது. செபமாலையம்மாள் அதை மனசில் நன்றாக வாங்கிக்கொண்டாள். கேஷ் கிளியர் ஆயிற்று, போன் எழுந்திருக்கவில்லை. "இங்கயே விட்டுட்டுப் போங்கம்மா" என்று சிவசங்கரி சொன்னாள். இவள் கேட்கவில்லை. ஓடாத போனை மடியில் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய், மறுநாள் காலையில் திரும்பக் கொண்டுவந்தாள்.

புதன்கிழமை முழுக்க மழை. சிவசங்கரி போனைக் கம்ப்யூட்டரில் வயர் போட்டு மாட்டினாள். பழையதை எடுக்காமல் அதன் மேலேயே சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்றுகிற வேலை என்றாள். அதற்கான ஃபைல் நெட்டில் இறங்க வேண்டும், அது இறங்குவதற்குள் இரண்டு தடவை கரண்ட் போனது. செபமாலையம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து திரையில் ஃபைல் இறங்குகிற கோடு நீள்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பேக்கரியிலிருந்து சிவசங்கரி அவளுக்குக் கட்டனும் பன்னும் வரவழைத்தாள். "சீனி வேணாம், எம் மகன் வைவான்" என்றாள் செபமாலையம்மாள். அதையும் இருக்கிறவனைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"நல்ல மகன்தான்மா. எங்கண்ணன் இருக்கான், நான் வெசத்தக் குடிச்சாக்கூட என்னன்னு கேக்க மாட்டான்."

அன்றைக்கு மத்தியானம் இரண்டு பேரும் பாஸ்கலைப் பற்றியேதான் பேசினார்கள். அவனுக்குப் பெண் பார்க்கிறீர்களா என்றாள் சிவசங்கரி. பார்க்கணும் என்றாள் இவள். எப்படிப்பட்ட பெண் என்றாள் அவள். இவள் யோசித்து, "வாயாடியா இருக்கணும், அவன் கொஞ்சம் அமுக்கம்" என்றாள். ஊர் முழுக்கச் செத்தவன் அந்த ஒரு கடையில் மட்டும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான், அவனுக்குப் பெண்கூடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செபமாலையம்மாளுக்கு அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே மனசில்லை.

சாயங்காலம் கம்ப்யூட்டர் சிவப்பாக ஒரு வரி காட்டி நின்றது. சிவசங்கரி உதட்டைப் பிதுக்கினாள். "உள்ள இடமே இல்லம்மா. கழுத்துவரைக்கும் நெறஞ்சு கெடக்கு. அதான் அப்டேட் பாதியில நின்னுருச்சு. எதையுமே அழிக்க மாட்டீங்களா நீங்க?"

"எனக்கு அழிக்கத் தெரியாது தாயி."

"கோயில் குரூப்ல வர்ற ரோசாப்பூ, மாதா படம், காலை வணக்கம் எல்லாம் அப்படியே இருக்குமே?"

இருக்கும். அதோடு இரண்டு வருஷத்துப் பாஸ்கலும் இருப்பான். அதைச் சொல்லவில்லை அவள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "இன்னொரு முறையில ஏத்திப் பாக்குறேன், இன்னைக்கு விட்டுட்டுப் போங்க" என்றபோது அரை மனசாகப் போனைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். "மகனக் கேட்டதாச் சொல்லுங்க" என்று மேலேயிருந்து சத்தம் கொடுத்தாள் சிவசங்கரி.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இவள் கடைக்குள் நுழைந்தபோது சிவசங்கரி முகம் அவ்வளவு நன்றாக இல்லை.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செஞ்சு பாத்துட்டேம்மா. மேலாப்புல ஏத்துனது நிக்க மாட்டேங்குது. இனி ஒரே வழிதான். எல்லாத்தையும் கிளியர் பண்ணிட்டுப் புதுசாப் போடணும். போட்டா ஜம்முனு ஓடும்."

"கிளியரா ஆயிருமா?"

"சுத்தமா கிளியராயிரும்."

செபமாலையம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நாள் அலைந்தது வீண் போகவில்லை. நாளைக்கு ஒரு நாள் இருக்கிறது, வண்டிப்பெரியாரில் கிடைக்காவிட்டாலும் குமுளியில் வாங்கிவிடலாம்.

சிவசங்கரிக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு தடவை கேட்காமல் எந்தப் போனையும் கிளியர் பண்ண மாட்டாள். "உள்ள முக்கியமா ஏதாச்சும் இருக்காம்மா? படம் கிடம்?" என்று கேட்டாள்.

"எம் மகன் பேசி அனுப்புனது இருக்கு. அதுதான் தாயி முக்கியம். மத்தது எதுவும் எனக்கு வேணாம்."

"அதுக்கென்னம்மா, அது அவரு போன்லயும் இருக்குமில்ல? திரும்ப அனுப்பச் சொன்னா ஆச்சு."

அவரு போன். பள்ளத்துப் புதரில் மழையில் நனைந்து கிடக்கிற போன். அந்த நேரத்தில் செபமாலையம்மாள் சொல்லியிருக்கலாம். 'அவன் இல்ல தாயி' என்று மூன்றே சொல், அதைச் சொல்லியிருந்தால் சிவசங்கரி அந்தக் கையை எடுத்திருப்பாள். ஆனால் இந்தக் கடையிலும் அவனைச் சாகக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. கிளியர் ஆனால் போதும், காதில் போட்டுக் கேட்டுவிட்டுப் போய்விடலாம், இவளுக்கு அவன் உயிரோடேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப எல்லாத்தையும் கிளியர் பண்ணட்டுமா?"

"பண்ணு தாயி."

"பண்ணிரட்டுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நல்லா பண்ணு. ஒரு எரைச்சல் இல்லாம கிளியர் பண்ணு."

சிவசங்கரி சிரித்துக்கொண்டே பொத்தான்களைச் சேர்த்துப் பிடித்தாள். மல்லாந்து கிடந்த பொம்மை வந்தது. கீழே கீழே என்று இறங்கி ஒரு வரியில் நின்று, ஒரு தடவை அமுக்கினாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கம்பெனிப் பேர் வந்தது, வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி, இந்தத் தடவை அணையவில்லை. வெள்ளை வெளேரென்று ஒரு திரை வந்து, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

"எந்திரிச்சிருச்சு!" என்று கத்தினாள் சிவசங்கரி.

செபமாலையம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். மாதாவே, மாதாவே என்று வாய் அரற்றியது. சிவசங்கரியின் தாடையைப் பிடித்து முத்திக்கொண்டாள். "ஒனக்கு ஆண்டவர் நல்ல மாப்பிள்ளையாக் குடுப்பாரு" என்றாள்.

சிவசங்கரி வெட்கப்பட்டுக்கொண்டே தமிழைத் தொட்டு, அடுத்தது, அடுத்தது என்று தள்ளிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றது. "முன்னாடி இதுல இருந்த அக்கவுண்ட்டக் கேக்குது. யாரும்மா போட்டுக் குடுத்தது?"

"மகன்தான்."

"அப்ப அவருக்கு ஒரு போன் போட்டுப் பாஸ்வேர்டு கேக்கணும். நம்பரச் சொல்லுங்க, நானே போடுறேன்."

செபமாலையம்மாள் நம்பரைச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பத்து இலக்கத்தையும் தடுமாறாமல் சொன்னாள். சிவசங்கரி ஸ்பீக்கரில் போட்டாள். அந்த நம்பர் இப்போது யாரிடமும் இல்லை என்று மலையாளத்தில் ஒரு பெண் குரல் சொன்னது. செபமாலையம்மாளுக்கு அந்தக் குரல் பழக்கம்தான், தொட்டியடியில் நின்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

"வேற நம்பர் இருக்காம்மா?"

"இல்ல தாயி. அவன் இல்ல. நாளான்னைக்கு வருஷப் பூச."

சிவசங்கரி போனைக் கீழே வைத்தாள். "ஜீப் ஓட்டுறாருன்னீங்களே?"

"ஓட்டுனான்."

சிவசங்கரி 'த்சோ' என்று சொல்லவில்லை, தலையைச் சாய்க்கவில்லை. அவள் முகம் வெளிறிப்போனது. செபமாலையம்மாளோ அதைத் தப்பாகப் புரிந்துகொண்டாள். தன் மகனுக்காகத்தான் இந்தப் பெண் இப்படி ஆகிவிட்டாள் என்று நினைத்தாள்.

"பொய் சொல்லிட்டேன்னு நெனைக்காத. சொல்ல வாய் வரல. அது கெடக்கட்டும், நீ அவன் பேச்சப் போடு. கடைசியா ஒண்ணு இருக்கும், பதினேழு செகண்டு. அதப் போடு."

"அம்மா..."

"போடு தாயி."

"அம்மா, உள்ள ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் அழிஞ்சிருச்சு. நான் அழிச்சிட்டேன். எல்லாத்தையும்னு கேட்டேனேம்மா, ரெண்டு தடவ கேட்டேனே..." சிவசங்கரி உடைந்து அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே விடாமல் கேட்டாள். வீட்டில் வைஃபை இருக்கிறதா, இருந்தால் ஒரு காப்பி நெட்டில் ஏறியிருக்கும் என்றாள். வீட்டில் சிக்னலே கிடையாது என்றாள் இவள். யாருக்காவது அந்தப் பேச்சை ஃபார்வர்டு பண்ணியிருக்கிறீர்களா என்றாள்.

"அத எதுக்கு இன்னொருத்தருக்கு அனுப்ப? எனக்குன்னு சொன்னதுல்ல."

சிவசங்கரி போனை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

செபமாலையம்மாள் போனை எடுத்தாள். கண்ணாடிபோலச் சுத்தமாக இருந்தது, வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே. காதில் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. வைத்த இடத்திலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அந்தக் காற்றுகூட இல்லை. அதுவரைக்கும் அவள் வைது தீர்த்த காற்று, இப்போது அது வேண்டும் அவளுக்கு. அந்தப் பாவி அடித்த ஹாரன்கூட வேண்டும்போல இருந்தது.

"நீ அழுவாத" என்றாள். "நீ கேட்ட. நாந்தான் பண்ணுன்னு சொன்னேன். மூணு நாளா ஓட்டுறான் ஓட்டுறான்னு சொல்லிச் சொல்லி, இருந்த கொஞ்சத்தையும் நானே அனுப்பி வச்சிட்டேன்." ஸ்டூலில் உட்கார்ந்தாள். நேற்று அவனுக்குப் பெண் பார்த்த அதே ஸ்டூல். தலையில் கை வைத்துக்கொண்டு, பதினோரு மாதமாகக் கல்லறையில்கூட அழாத அழுகையை அந்தக் கடையில் அழுதாள். கீழே பேக்கரிக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

வெகுநேரம் கழித்து சிவசங்கரி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "என்னம்மா சொல்லியிருந்தாரு அதுல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

செபமாலையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அது அவளுக்கு மனப்பாடம். மூச்சு விடுகிற இடம்வரைக்கும் தெரியும். பாஸ்கல் பேசுகிற மாதிரியே, அந்த வேகத்தில், அந்த இழுப்பில் சொன்னாள். "அம்மா, மழ விட்டுருச்சு. ஆளுகள எறக்கி விட்டுட்டேன், இந்தா கெளம்பிட்டேன். சோத்த வடிச்சு வச்சிரு. வர்றப்ப ஒனக்கு..." அந்த இடத்தில் உதட்டைக் குவித்து உர்ரென்று ஊதினாள். ஊதி முடித்துவிட்டு, "வாங்கிட்டு வாரேன். கேட்டியா?" என்றாள்.

சிவசங்கரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். "என்ன வாங்கிட்டு வாரேன்னாரும்மா?"

"அதத்தான் தாயி ஒன்னயக் கிளியர் பண்ணச் சொன்னேன்."